பூரணியின் இடது காது

அன்று ஸ்கேன் பிரிவில் இருந்தவர்கள் ஐந்து பேர். படம் பார்த்துச் சொல்லும் டாக்டர் ரஹ்மத் நிஷா. அவரிடம் பாடம் கேட்க வந்திருந்த டாக்டர் உலகநாதன். ஆசிரியரைவிடப் பதின்மூன்று வயது மூத்தவர். இயந்திரத்தை இயக்கும் ஜெபராஜ். இயந்திரத்துக்குள் படுத்து எழுந்து வந்த பூரணி. அவளுடைய அம்மா பேச்சியம்மாள்.

அந்தக் குடும்பத்தில் வழிவழியாக வரும் நோய் ஒன்று இருந்தது. காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் சிறு கட்டி முளைக்கும். ஒருநாள் காது அடைத்துப்போகும். பேச்சியம்மாளுக்கு இரண்டு காதும் போய்விட்டன. மகனுக்கு ஒன்று போனது. பூரணிக்கு இரண்டும் இருந்தன. ஆனால் மூன்று மாதமாக இடது காதில் ஏதோ இரைகிறது என்றாள்.

உலகநாதன் இரண்டு மணி நேரம் படங்களைப் பார்த்தார்.

"மேடம், கட்டி இல்லை. இயல்புன்னு எழுதிடவா?"

"எங்கே தேடினீங்க?"

"கட்டி முளைக்கிற எலும்பில்தான். ஊசி மருந்து ஏத்தின பிறகு எடுத்த படத்தில். இருந்தா பளிச்சுனு தெரியுமே."

"இரையுதுன்னு சொல்றாளே, சார்."

"படத்தில் இல்லாததை எப்படி மேடம் பார்க்கிறது?"

நிஷா திரையை அணைத்தார். கதவைத் திறந்து தாயையும் மகளையும் உள்ளே அழைத்தார். பூரணி தன் வலது காது அம்மா பக்கம் இருக்கும்படி, அம்மாவின் இடப்பக்கம் வந்து உட்கார்ந்தாள். நிஷா ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிப் பேச்சியம்மாளிடம் நீட்டினார். 'மகளிடம் என்ன மாற்றம்?'

"எப்பவும் என் வலப்பக்கமாத்தான் வருவா. மூணு மாசமா இடப்பக்கம் மாறிட்டா. ஏன்னு கேட்டா சிரிக்கா."

அறை அதிர்ந்தது. பூரணி கையால் தணித்துக் காட்டினாள்.

"மெதுவாத்தானட்டி பேசுதேன்."

"நம்ம மெஷினே இந்தச் சத்தம் போடாது மேடம்" என்றார் ஜெபராஜ்.

எல்லோரும் சிரித்தார்கள். முகங்களைப் பார்த்துப் பேச்சியம்மாளும் சிரித்தாள். பிறகு மகளின் தொண்டைமேல் இரண்டு விரல்களை வைத்தபடி உலகநாதனைப் பார்த்தாள்.

"இவ குரலைக் கேட்டுப் பதினோரு வருசம் ஆச்சு சார். எட்டாங்கிளாஸ் படிக்கையில இருந்த குரல்தான் எனக்குள்ள கிடக்கு. பேசினா விரல்ல அதிருது, அவ்வளவுதான். இப்ப எப்படி இருக்கு சார், இவ குரல்?"

காலையிலிருந்து அவள் பேசியதெல்லாம் உலகநாதனுக்கு நினைவிருந்தது. குரல் நினைவில் இல்லை.

எழுந்து போய்த் திரையைப் போட்டார். மருந்து ஏற்றுமுன் எடுத்த படங்களைத் திறந்தார். இம்முறை எலும்பை விட்டுவிட்டுக் காதுக்குள்ளேயே பார்த்தார். வலப்பக்கம் நத்தைக்கூடு போன்ற சுருள் கறுப்பாக இருந்தது. இடப்பக்கச் சுருளில் மெல்லிய வெண்மை. மருந்து ஏற்றாமலே வெண்மை என்றால், கசிந்த ரத்தம். எங்கோ பக்கத்தில், படத்துக்கும் எட்டாத சிறு கட்டி.

குடும்பத்தின் கோப்பு மேசைமேல் இருந்தது. அதன் முதல் தாளில் நிஷா மூவருக்குமாக ஆறு காதுகள் வரைந்து வைத்திருந்தார். கேட்காமல் போன மூன்றின்மேல் சிவப்புக் கோடு. உலகநாதன் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"ரத்தம் கசிஞ்சிடுச்சு மேடம். நான் தாமதம் பண்ணிட்டேன். இதையும் அடிச்சிடவா?"

நிஷா பூரணியின் இடப்பக்கமாகப் போய் நின்றார். வலது காதை உள்ளங்கையால் இறுக மூடிக்கொள்ளச் சொன்னார். பிறகு, பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற குரலில் கேட்டார்.

"அம்மாவுக்கு என்ன வயசு?"

பூரணி தலையை அவர் பக்கம் சாய்த்தாள்.

"அம்பத்தொண்ணு."

பேச்சியம்மாளின் விரல்கள் மகளின் தொண்டையில் இருந்தன. "என்ன சொன்னா? என்ன சொன்னா?"

உலகநாதன் பேச்சியம்மாளின் கையிலிருந்த தாளை வாங்கி, அதன் மறுபக்கம் எழுதிக் கொடுத்தார். 'உங்கள் குரலேதான் அம்மா. சத்தம் மட்டும் கம்மி.' பேச்சியம்மாள் அதை இரண்டு தரம் படித்தாள். நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"இன்னைக்கே சர்ஜன்கிட்ட அனுப்புங்க" என்றார் நிஷா. "கட்டி கண்ணுக்குத் தெரியட்டும்னு காத்திருக்க வேண்டாம்."

"இந்தக் காது வரைஞ்ச தாளில் என்ன மேடம் எழுதறது?"

நிஷா அவர் கையிலிருந்த சிவப்புப் பேனாவை வாங்கி மூடினார்.

"மிச்சம் மூணு."