திரையைத் தொட்டால் கலகம்

சிரிப்பு உண்டு, சத்தியம். ஆனால் இப்போதே தரமாட்டேன். அகப்பட்டுக்கொள்ளப் போகிறவன் நான்தான். கொஞ்சம் தள்ளிப்போட எனக்கு உரிமை இல்லையா?

நான் கூத்தன், கோமளபுரி அரண்மனையின் பலகுரல் விகடன். வயது பதினாறு. எங்கள் அரசர் திரைக்குள் அமர்ந்துதான் சாப்பிடுவார். உள்ளேயிருந்து அவர் குரல் வந்தால் முகம் பார்க்காமல் பணிய வேண்டும். சேனாதிபதி வல்லபராயர் போட்ட சட்டம் அது. அவர் வாயைத் திறந்தால் ஒரே சொல்தான். வீரன் தும்மினால் கலகம். குதிரை உதைத்தால் கலகம். தயிர் புளித்தாலும் கலகம்.

ஒருநாள் அரசர் வேட்டைக்குப் போயிருந்தார்; எப்போது திரும்புவார் என்று யாருக்கும் தெரியாது. எனக்கோ பசி. சமையல்கட்டு வழியாகத் திரைக்குள் நுழைந்து, அரசர் குரலில், "அடேய், ஒரு தட்டு அதிரசம்!" என்றேன். வந்தது. ருசி கண்ட நாக்கு சும்மா இருக்குமா? வெளியே காவலுக்கு நின்றவரோ சேனாதிபதி.

"வல்லபராயரே, சேவல் மாதிரிக் கூவும்!"

"கொக்கரக்கோ!"

அடக்க முடியாமல் சிரித்துவிட்டேன், என் சொந்தக் குரலில். சேனாதிபதி திரையை விலக்கினார்.

சாயங்காலம் அரசர் திரும்பியதும் சபை கூடியது. "கலகம், பிரபு! இவன் தலையை வாங்குங்கள்!" என்று குதித்தார் சேனாதிபதி.

தலை போகிற நேரத்திலும் என் வாய் அடங்கவில்லை, அதுதான் என் வியாதி. "ஐயா, கலகம் என்றால் என்ன?"

"திரைக்குள்ளிருந்து வரும் குரலைச் சந்தேகிப்பது! திரையைத் தொடுவது!"

"நான் சமையல்கட்டு வழியாகப் போனேன். திரையைத் தொட்டது யார்?"

சேனாதிபதி தன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தலை பிழைத்தாய், போ! நாளை மதியம் வந்து பரிசு வாங்கிக்கொள்."

மறுநாள் மதியம் நெஞ்சை நிமிர்த்தித் திரை முன் நின்றேன். உள்ளேயிருந்து அரசர் குரல்: "கூத்தா! யானைக் கொட்டாரத்தை நீயே தனியாகச் சுத்தம் செய். அதுதான் பரிசு!"

இது என்ன பரிசு? திரையை விலக்கிப் பார்க்கக் கை துறுதுறுத்தது. பார்த்தால் கலகம். அந்தச் சொல்லுக்கு அர்த்தத்தைச் சபையில் சொல்லவைத்த மகாபுத்திசாலி நானேதான். கூடையை எடுத்தேன்.

பொழுது சாயும்போது கழுத்துவரை சாணம். அரசர் அந்தப் பக்கம் வந்தார்.

"அடே, இது என்ன கோலம்? பரிசை வைத்துக்கொண்டு உன்னை எங்கெல்லாம் தேடுவது?"

"பிரபு, மதியம் திரைக்குள்ளிருந்து நீங்கள்தானே..."

"நானா? இன்று ஏகாதசியடா. எனக்குச் சாப்பாடே கிடையாதே!"

தூணுக்கு அந்தப் பக்கமிருந்து, நேற்றுக் கேட்ட அதே குரலில், ஒரு சேவல் கூவியது.