நாலாவது டிஸ்க்

"எந்தப் பெட்டியை வாங்குறது, மேடம்?" என்று சீடர் கேட்டார்.

சீடரின் பெயர் அருளானந்தம். வயது ஐம்பத்திரண்டு. குருவின் பெயர் முத்துச்செல்வி. வயது முப்பத்தெட்டு. இருவரும் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவர்தான் பொறுப்பு. சீடர் குருவை மேடம் என்பார், குரு சீடரை அண்ணே என்பார். இதென்ன தலைகீழ்ப் பாடம் என்று ஆரம்பத்தில் கேலி பேசினார்கள். ஆறு வருஷம் பேசியதில் பேசியவர்களுக்கே அலுத்துவிட்டது.

அதற்கு முன் இருபத்திரண்டு வருஷம் அருளானந்தம் நோயாளிகளின் ஃபைல் அறையில் வேலை பார்த்தவர். ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களின் ஃபைலில் சிவப்பு நாடா கட்டுவது அவருடைய வழக்கம். யாரும் சொல்லிச் செய்ததில்லை. "என் ஃபைலுக்கு அலங்காரம் பண்ணாதேய்யா" என்று ஒரு பெரிய டாக்டர் எல்லோர் முன்னாலும் திட்டினார். மறுநாளும் அருளானந்தம் கட்டினார். பிறகு எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறியது. ஃபைல்கள் லாரியில் பேப்பர் மில்லுக்குப் போயின. நாடாச் சுருள் மட்டும் அவருடைய மேசை இழுப்பறையில் தங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் பதினான்கு சர்வர்கள். நோயாளி விவரத்துக்கு ஒன்று, ரத்த வங்கிக்கு ஒன்று, லேபுக்கு ஒன்று, இப்படி. கண்ணுக்குத் தெரியும் இயந்திரங்கள் இரண்டுதான். அவற்றுக்குள் பதினான்கும் குடித்தனம் நடத்துகின்றன. பதினான்கின் சொத்தும், அதாவது எல்லாத் தகவலும், கேபிளின் மறுமுனையில் இருக்கும் ஒரே ஸ்டோரேஜ் பெட்டியில் இருக்கும். அது நின்றால் பதினான்கும் ஒன்றாக நிற்கும்.

போன ஆடியில் ஒரு புதன்கிழமை மத்தியானம் அது நின்றது. நகல் எடுத்து வைக்கும் சர்வரும் அந்தப் பதினான்கில் ஒன்று என்பதால் நகலும் கூடவே போயிற்று. தகவலை மீட்டெடுக்கும் வரை இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குக் கண் இல்லை. அந்த இரண்டு நாளில்தான் தங்கமாரி என்ற பெண்ணை மயக்கத்தில் கொண்டுவந்தார்கள். புருஷன் திருப்பூரில் வேலையில் இருந்தான். கூட வந்த பக்கத்து வீட்டுக்காரிக்கு எதுவும் தெரியாது. திரையில் எதுவும் வரவில்லை. பென்சிலின் ஊசி போட்டார்கள். அரை மணி நேரத்தில் செத்துப்போனாள்.

அவளுடைய ஒன்பதாவது வயதில், அவளுடைய ஃபைலில், பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று அருளானந்தம் தன் கையால் சிவப்பு நாடா கட்டியிருந்தார். ஊர் பேரைக் கேட்டதும் அவருக்கு நினைவு வந்துவிட்டது. இரண்டு நாள் அவர் சாப்பிடவில்லை.

ஸ்டோரேஜ் பெட்டியின் பழுது என்று விசாரணை முடிந்தது. புதுப் பெட்டி வாங்கச் சொல்லி உத்தரவு வந்தது. அதுவரை ஓட்ட ஒரு கம்பெனி இரவல் பெட்டி கொடுத்தது. எதை வாங்குவது என்று பார்த்துச் சொல்லும் வேலையை முத்துச்செல்வி சீடரிடம் கொடுத்துவிட்டார். இன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் கையெழுத்திட்டு மேலே அனுப்ப வேண்டும்.

அருளானந்தம் பதினோரு நாள் உட்கார்ந்து பெரிய அட்டவணை ஒன்று போட்டிருந்தார். மூன்று பெட்டிகள், பதினெட்டுக் கட்டங்கள். அடிக்கோடு எல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்டது.

"படிங்க அண்ணே."

"முதல் பெட்டி ரொம்ப வேகம். ரெண்டாவதுக்கு மூளை ரெண்டு, ஒண்ணு செத்தா இன்னொண்ணு பாத்துக்கும். மூணாவது கொஞ்சம் மெதுவு. ஆனா ஒரே நேரத்துல ரெண்டு டிஸ்க் போனாலும் தாங்கும்."

"உங்களுக்கு எது புடிச்சிருக்கு?"

"சாகாத பெட்டி வேணும் மேடம். அது எதுன்னு சொல்லுங்க, கையெழுத்துப் போட்டுர்றேன்."

முத்துச்செல்வி அட்டவணையை மடித்து அவரிடமே கொடுத்தார். எழுந்து மூலைக்குப் போனார். அங்கே பழைய பெட்டி, செத்துப்போன பெட்டி, துணி போட்டு மூடிக் கிடந்தது. துணியை எடுத்தார். முன்பக்கம் வரிசையாகப் பன்னிரண்டு டிஸ்க்குகள், இழுத்தால் வெளியே வரும் இழுப்பறைகள் போல.

"அண்ணே, அன்னைக்கு நீங்க லீவு. இப்ப அன்னைக்குன்னே வச்சுக்கங்க. ஒரு டிஸ்க் பழுதாயிருச்சு. மத்ததெல்லாம் சேந்து அதோட வேலையையும் செஞ்சுக்கிட்டு இருக்கு. பழுதானதை எடுத்துட்டுப் புதுசைச் சொருகணும். டிஸ்க் நாலுன்னு திரையில வருது. போன் அடிச்சுக்கிட்டே இருக்கு. லேப்ல இருந்து ஒருத்தர் வந்து வாசல்ல நின்னு கத்துறாரு. எடுங்க."

அருளானந்தம் குனிந்தார். இடப்பக்கத்திலிருந்து விரலை வைத்து ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணினார். நாலாவதை இழுத்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"எடுத்துட்டேன்."

"ஆஸ்பத்திரி நின்னுபோச்சு அண்ணே."

"என்ன மேடம் சொல்றீங்க?"

"இந்தப் பெட்டி பூஜ்யத்துல இருந்து எண்ணும். நீங்க எடுத்தது மூணு. அது நல்லா இருந்த டிஸ்க். ஒண்ணு போனா தாங்குற பெட்டியில இப்ப ரெண்டு போச்சு."

அருளானந்தம் கையிலிருந்த டிஸ்க்கைப் பார்த்தார். பிறகு அதைக் கீழே வைக்கவும் தெரியாமல் திரும்பச் சொருகவும் தெரியாமல் நின்றார்.

"உடனே திரும்பச் சொருகிட்டா சரியாயிருமா?"

"ஆகியிருக்கலாம். பதறிப்போய் அதுக்கப்புறம் அமுக்கக் கூடாத பட்டனையும் அமுக்கியாச்சு."

"பெட்டிமேல நம்பர் ஒட்டியிருந்தா தப்பியிருக்கும்."

"ஒட்டணும்னு நெனச்சதுதான். லேபிள் அடிக்கிற மெஷின்ல டேப் தீந்திருந்துச்சு. வாங்கணும் வாங்கணும்னு நாலு மாசம் போச்சு."

வெளியே வராந்தாவில் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். அருளானந்தம் டிஸ்க்கை மேசைமேல் வைத்தார்.

"எடுத்தது யாரு?" என்று கேட்டார். கேட்டிருக்க வேண்டியதில்லை. அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"நான்தான்."

"பெட்டியில பழுதுன்னு அறிக்கை வந்துச்சே."

"அந்த அறிக்கையும் நான் எழுதினதுதான். கமிட்டியில எல்லாரும் படிச்சாங்க. பழுதுன்னு இருந்ததும் எல்லாரும் மூச்சு விட்டாங்க. அதுக்கு மேல யாரும் ஒரு கேள்வி கேக்கலை. நானும் மூச்சு விட்டேன் அண்ணே."

அருளானந்தத்துக்குக் கோபம் வந்தது. ஆறு வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்த கை அது. அதே கையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யாமல் அட்டவணையைப் பிரித்தார்.

"இந்தப் பதினெட்டுக் கட்டத்துல எது உதவும்?"

"தப்புப் பண்ற கைக்குன்னு ஒரு கட்டம் இருக்கா?"

ஒவ்வொரு கட்டமாக விரலை வைத்துப் பார்த்தார்.

"இல்லை."

"நானும் போன தடவை வாங்கறப்ப அப்படி ஒரு கட்டம் போடலை."

"அப்ப ரெண்டு டிஸ்க் போனாலும் தாங்குற மூணாவது பெட்டி. நகல் வேற கட்டடத்துல தனியா. சரிதானே?"

"சரிதான். நல்லாத்தான் பாத்திருக்கீங்க."

"அப்ப எழுதிர்றேன்."

"எழுதுங்க. காரணம்னு ஒரு எடம் இருக்குமே, அங்க என்ன எழுதுவீங்க?"

அருளானந்தம் பேனாவைத் திறந்தார். பழைய பெட்டியின் பழுது காரணமாக என்று எழுத வாக்கியம் தயாராகக் கைக்கு வந்தது. பேனா நகரவில்லை. மூன்று தடவை மூடித் திறந்தார்.

முத்துச்செல்வி தன் மேசையிலிருந்து இரண்டு பக்கக் கடிதம் ஒன்றை எடுத்து அவர் முன்னால் வைத்தார். ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு ஒரு பிரதி, தங்கமாரியின் புருஷனுக்கு ஒரு பிரதி என்று மேலேயே எழுதியிருந்தது. புதன்கிழமை, மத்தியானம் பன்னிரண்டு இருபது, எந்த டிஸ்க், யாருடைய கை, எல்லாம் இருந்தது. தேதி போன மாசத்தது. மடித்து மடித்து ஓரம் நைந்துபோயிருந்தது.

அருளானந்தம் இரண்டு முறை படித்தார்.

"இது மேல போனா உங்க வேலை போயிரும் மேடம். வேலை மட்டும் இல்லை, போலீஸ் வரைக்கும் போகும்."

"தெரியும்."

"நாலுன்னா நாலாவதைத்தான் எடுப்பாங்க. நானும் அதைத்தானே எடுத்தேன்? யாரா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பாங்க."

"அதான் பயமா இருக்கு அண்ணே. புதுப் பெட்டி எப்படி எண்ணும்னு உங்க கட்டத்துல இருக்கா?"

கடிகாரத்தில் நாலரை ஆகியிருந்தது. அருளானந்தம் கடிதத்தை அட்டவணைக்கு மேலே வைத்தார், பிறகு கீழே வைத்தார், பிறகு மறுபடியும் மேலே வைத்தார்.

"எதுக்கு மேடம் இதை இன்னைக்கு எங்கிட்டக் காட்டினீங்க?"

"உங்க இழுப்பறையில அந்தச் சிவப்பு நாடா இன்னும் இருக்கா?"

"இருக்கு."

"ஒரு துண்டு வெட்டுங்க அண்ணே. அஞ்சு மணிக்குள்ள இந்தக் கடுதாசியும் மேல போகணும். இதைக் கட்டிக் குடுங்க."