செல்லச்சாமி அண்ணாச்சியின் ஸ்கிரிப்ட்

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் செல்லச்சாமி அண்ணாச்சிக்கு வாய் சும்மா இருக்காது. அன்றைக்கு ஆட்டோ பால்ராஜ், எஸ்தர் டீச்சரைக் கூட்டிக்கொண்டு வந்தான். மறுநாள் காலாண்டுப் பரீட்சை. டீச்சர் பள்ளிக்கூடத்துப் பழைய கம்ப்யூட்டரில் அடித்த கேள்வித்தாள் வேறெங்கும் திறக்கவில்லை.

"பழைய வெர்ஷன் ஃபைலுங்கிறாங்க. நீங்களாவது மாத்தித் தருவீங்களா?" பாவம், டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது.

"பழசைத் தானா புதுசாக்குததுக்குன்னே ஸ்கிரிப்ட்டுன்னு ஒரு குட்டி புரோகிராம் எழுதி வச்சிருக்கேன் டீச்சர்." பென் டிரைவைச் செருகி ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அண்ணாச்சி நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். "போன வருசம் ஒரு வக்கீல் மூட்டை மூட்டையா பழைய ஃபைல் கொண்டாந்தாரு. டீ சொல்லதுக்குள்ள மாத்திட்டு. டீ வரதுக்குள்ள, இன்னும் வெளிவராத வெர்ஷனுக்கே போயிட்டு. அமெரிக்காவுல இருந்து கம்பெனிக்காரன் போன் பண்ணுதான், 'அண்ணாச்சி, எங்க அடுத்த வெர்ஷன் எப்படி இருக்கு, ஒரு காப்பி அனுப்புங்க'ன்னு."

"தமிழ்லயா கேட்டான்?" என்றான் பால்ராஜ்.

"நம்மகிட்ட பேசணும்னா படிச்சிட்டுத்தானடே வரணும். கேளு. ஸ்கிரிப்டை நிறுத்த மறந்துட்டேன். அது கரண்டு லைன்ல ஏறிட்டு. தெருவுல இருந்த டப்பா டிவியெல்லாம் தட்டையாயிட்டு. எதுத்த வீட்டு அக்கா ஆட்டிக்கிட்டு இருக்கும்போதே ஆட்டுக்கல்லு கிரைண்டராயிட்டு. கையில மாவோட ஓடி வாராவ."

"என் ஆட்டோ அப்படியே ஓட்டையாத்தான இருக்கு?"

"நீ சவாரிக்குப் போயிருந்தே. கொடுத்து வைக்கலை. எங்க மாமனார் சுவிட்ச்ல சாஞ்சு நின்னாரு. வழுக்கையில முடி வந்துட்டு, பல்லு முளைச்சிட்டு. நான் மெயினை அணைக்கதுக்குள்ள, என்னையே மாமான்னு கூப்பிட ஆரம்பிச்சிட்டாரு."

"இப்ப எங்க அவரு?"

"ஊர்ல பொண்ணு பாத்துக்கிட்டு இருக்காரு."

டீச்சர்கூடச் சிரித்துவிட்டார். அதற்குள் கேள்வித்தாள் திரையில் திறந்தது. மேலிருந்து கீழ்வரை கட்டம் கட்டமாக நின்றது, ஒரு எழுத்துகூட இல்லை.

"இதையா நாளைக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்கது?"

அண்ணாச்சி அசரவில்லை. "தாராளமாக் கொடுங்க. அதுகளும் கட்டமாவே விடை எழுதட்டும். பேப்பர் பூராத்தையும் இங்க கொண்டாந்தா நம்ம ஸ்கிரிப்ட் திருத்தி மார்க்கும் போட்டுரும்."

டீச்சருக்கு ஆத்திரம் பொங்கியது. பென் டிரைவை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"ஒரு வெள்ளைத்தாள் குடுங்க, கையாலயே எழுதிக்கிடுதேன். ஜெராக்ஸ் மிஷினாவது இங்க இருக்கா, இல்ல அதுவும் பொண்ணு பாக்கப் போயிட்டா?"