ஷேப் போகாத பை

சங்கரபாண்டி பையை முதுகில் மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். வேல்மயில் சற்றுத் தள்ளிப் போய்ப் பார்த்தான். பை துருத்தாமல், முதுகோடு ஒட்டி, அழகாக இருந்தது.

"உனக்குத்தானே பை? நீ மாட்டிப் பாரு தம்பி" என்றார் கடைக்கார பாய்.

"நான் மாட்டினா எனக்கு எப்படித் தெரியும் பாய்? முதுகு பின்னாடில்லா இருக்கு."

கடையில் ஆளுயரக் கண்ணாடி இருந்தது. பாய் அதைப் பற்றிச் சொல்ல வாயெடுத்து, பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டார்.

வேல்மயில் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் உதவியாளன். லிஃப்ட் ஓடும் குழிக்குள் இரும்பு ஏணியில் ஏறி, மெக்கானிக் தேவசகாயம் கேட்கிற ஸ்பேனரை எடுத்துக் கொடுக்க வேண்டும். போன வாரம் ஒரு கையில் சாப்பாட்டுக் கேரியரும் மறு கையில் குடையுமாக ஏறினான். பாதி வழியில் ஏணியைப் பிடிக்கக் கை தேவைப்பட்டது. குடை இரவல் என்பதால் கேரியரை விட்டான். அது நேராகப் போய் லிஃப்டின் தலையில் இறங்கியது. இரண்டு நாள் அந்த லிஃப்ட் சாம்பார் வாசனையோடு ஏறி இறங்கியது. தினமும் தன் ஊறுகாயில் ஒரு துண்டை வேல்மயிலின் சோற்றில் வைக்கும் தேவசகாயம், அன்று வைக்க இடமில்லாமல் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

மேனேஜர் திலகவதி மேடம் கூப்பிட்டுப் பேசினார். அதை வேல்மயில் மனப்பாடமாகக் கொண்டுவந்தான். முதுகில் மாட்டுகிற சின்னப் பை ஒன்று வாங்க வேண்டும். தினமும் கொண்டுவருவதெல்லாம் அதில் அடங்க வேண்டும். பை மாட்டியும் திங்கட்கிழமை கையில் ஏதாவது இருந்தால், வந்த வழியே வீட்டுக்குப் போய்விடலாம். வேலை போனால் ஊரில் சித்தப்பாவின் கோழிப்பண்ணைதான் கதி. வேல்மயிலுக்குக் கோழி என்றால் பயம். அது கோழிகளுக்கும் தெரியும்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை அறைத் தோழர்கள் இருவரும் கூட வந்தார்கள். சங்கரபாண்டியும் பொன்னம்பலமும் அவனைப் போலவே தென்காசிப் பக்கத்து ஊர்க்காரர்கள். வேல்மயிலைவிட விவரமானவர்கள் என்று மூவருமே நம்பினார்கள்.

தினமும் கொண்டுபோகும் சாமான்களை மேஜையில் அடுக்கினார்கள். கேரியர், தண்ணீர் பாட்டில், குடை, துண்டு. செருப்பும் தினமும் கூடத்தானே வருகிறது என்று பொன்னம்பலம் கேட்டான். வேல்மயில் யோசித்துவிட்டு, கழற்றி அதையும் மேலே வைத்தான். பாய் செருப்பை மட்டும் இறக்கிக் கீழே போட்டார்.

சங்கரபாண்டியின் முதுகுக்குப் பொருந்திய பையின் ஜிப்பைத் திறந்தார்கள். உள்ளே கசக்கிய பேப்பர் திணித்திருந்தது. கை நுழைய இடமில்லை.

"இதுல ஏற்கெனவே சாமான் இருக்கு" என்றான் வேல்மயில்.

அடுத்த பையைத் திறந்தார்கள். அதுவும் நிறைந்திருந்தது. இன்னும் பெரிய பையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். அதற்குள் இன்னும் நிறையப் பேப்பர். கட்டிலடியில் வைக்கிற பிரயாணப் பை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு பொன்னம்பலம் நிமிர்ந்தான்.

"கவனிச்சியாலே? பை பெருசாக ஆக பேப்பரும் கூடிட்டே போகுது. பெருசு வாங்கினா நாமதான் ஏமாந்தோம்."

"அப்ப என்ன செய்ய?"

"இருக்கதுலயே சின்னது எடு. அதுலதான் பேப்பர் கம்மி. மேடம் சும்மாவா சின்னப் பைன்னு சொன்னாங்க?"

இதைக் கேட்டதும் வேல்மயிலுக்கு மேடத்தின் மேல் மரியாதை கூடியது.

இதற்கிடையில் சங்கரபாண்டி, எதற்கும் பார்ப்போமென்று ஒரு பையிலிருந்து பேப்பரை உருவ ஆரம்பித்தான். பாய் வேறு ஒருவருக்குப் பெல்ட் காட்டிக்கொண்டிருந்தார். அங்கிருந்தே சத்தம் போட்டார்.

"பேப்பரை எடுக்காதீங்கப்பா. எடுத்தா ஷேப் போயிடும்."

பார்வைக்கு மாட்டி வைத்திருந்த பைகளை நினைத்து அவர் சொன்னார். மூவரும் அதைப் பையின் ஆயுள் முழுமைக்கும் எடுத்துக்கொண்டார்கள்.

இருந்ததிலேயே சின்னப் பையைப் பேப்பரோடு வாங்கிக்கொண்டு அறைக்கு வந்ததும் சிக்கல் புரிந்தது. பை முதுகில் நிற்கிறது, ஷேப்பும் இருக்கிறது, ஆனால் துண்டின் நுனிகூட உள்ளே போகவில்லை. வேல்மயிலுக்குக் கண்ணுக்குள் கோழிகள் நடமாடின. சங்கரபாண்டி, மேடம் சொன்னதை ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னான். வேல்மயில் ஒப்பித்தான்.

"தினமும் கொண்டுவர்றது அடங்கணும். அவ்வளவுதான?" என்றான் சங்கரபாண்டி. "இனிமே தினமும் நீ கொண்டுபோறது இந்தப் பேப்பர். அது அடங்கிட்டு."

"அப்ப கேரியர்?"

"உன் கையில எதுவும் இருக்கக்கூடாதுன்னுதான சொன்னாங்க? எங்க கையைப் பத்திச் சொல்லலியே."

மறுநாள் இருவரும் தங்கள் வேலைக்கு லீவு போட்டார்கள்.

மின்சார ரயிலில் நல்ல கூட்டம். வேல்மயிலின் முதுகுக்குப் பின்னால் நின்றவர் ஒரு நிலையம் வரை பொறுத்துக்கொண்டார். அடுத்த நிலையத்தில், பை வயிற்றில் இடிப்பதாகவும் அதை முன்பக்கம் கொண்டுபோகும்படியும் சொன்னார். முதுகில் மாட்ட வேண்டும் என்பது மேடத்தின் உத்தரவு. வேல்மயில் இரண்டு பேர் சொல்லையும் காப்பாற்றினான். பையோடு அப்படியே திரும்பி நின்றான். கிண்டி வரும்வரை அந்த மனிதரின் மூக்குக்கு ஒரு விரல் தூரத்தில் வேல்மயிலின் மூக்கு இருந்தது.

ஆபீஸ் வாசலில் தோழர்களை நிறுத்திவிட்டு வேல்மயில் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டியபடி உள்ளே போனான். மேடம் கையைப் பார்த்தார், பையைப் பார்த்தார்.

"எல்லாம் அடங்கிச்சா?"

"அடங்கிட்டு மேடம். கச்சிதமா இருக்கு."

மேடம் அவனைச் சுற்றி வந்தார். மற்ற பையன்களின் பைகள் ஒரு மாதத்தில் அழுக்குத் துணி மூட்டை மாதிரி ஆகிவிடுகின்றன, இது எப்படி நிமிர்ந்து நிற்கிறது பாருங்கள் என்று கணக்கர் பக்கம் திரும்பிச் சொன்னார். வேல்மயில் பிழைத்தான். அவன் கிளம்பும்போது மேடம் லிஃப்ட் கதவுச் சாவியை மேஜைமேல் வைத்தார்.

"இதைப் பையில போட்டுக்க. சாயந்தரம் திருப்பிக் குடு. கையில வச்சுக்கிட்டு அலையாத."

வேல்மயில் சாவியை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். அங்கே கேரியரையும் குடையையும் இறக்கி வைத்துவிட்டு மூவரும் ஆலோசித்தார்கள். சாவி கனத்துக்கு மட்டும் பேப்பரை எடுத்தால், அந்த இடத்தைச் சாவி நிரப்பிவிடும், ஷேப் போகாது. இதில் எல்லோருக்கும் சம்மதம். ஆனால் வெளியே எடுத்த பேப்பர்? கையில் வைத்தால் நசுங்கி அதன் ஷேப் போய்விடும். சாயந்தரம் திரும்ப வைத்தால் பொருந்தாது.

"கெட்டியான ஒண்ணுக்குள்ள வைக்கணும்" என்றான் பொன்னம்பலம். மூவரும் கேரியரைப் பார்த்தார்கள்.

வாசலிலேயே உட்கார்ந்து, அடுக்கு அடுக்காகக் கழற்றி, சோற்றையும் ரசத்தையும் கத்தரிக்காய்ப் பொரியலையும் சாப்பிட்டு முடித்தார்கள். காலையில் தின்ற இட்லி இன்னும் இறங்கியிருக்கவில்லை. சிரமமாகத்தான் இருந்தது. பாட்டில் தண்ணீரால் கழுவி, துண்டால் ஈரம் போகத் துடைத்து, பேப்பரை நோகாமல் எடுத்துச் சோற்றுக் கிண்ணத்தில் வைத்து மூடினார்கள்.

கேரியரும் குடையும் தோழர்களின் கையில் கூடவே வந்ததால், அன்று காலை முழுவதும் வேல்மயில் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்து ஏறினான், இறங்கினான். எதுவும் விழவில்லை. ஸ்பேனர் கேட்டால் ஸ்பேனர் வந்தது. பகலில் மொட்டை மாடியில், மெஷின் அறை நிழலில் சாப்பிட உட்கார்ந்தபோது தேவசகாயமே மேடத்துக்குப் போன் போட்டார். பையன் திருந்திவிட்டான், இனி வீட்டுக்கு அனுப்ப வேண்டியதில்லை, எனக்கே இருக்கட்டும் என்றார். அந்தப் பக்கத்தில் மேடம் அந்தப் பையைப் பற்றி விசாரித்தார் போலிருக்கிறது. நல்ல பைதான், எங்கே வாங்கினான் என்று கேட்டுச் சொல்கிறேன் என்றார் தேவசகாயம்.

படியேறி வந்த சங்கரபாண்டி கேரியரை வேல்மயிலின் முன்னால் வைத்துவிட்டு, குடை பிடித்திருந்த பொன்னம்பலத்தின் பக்கத்தில் போய் நின்றான். சாப்பாட்டு நேரம் என்பதால் வேல்மயில் கை கழுவிவிட்டு வந்து கிண்ணத்தைத் திறந்தான். பேப்பர் ஷேப் கலையாமல் இருந்தது.

தேவசகாயம் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பேச்சை நிறுத்தாமல் தன் டப்பாவிலிருந்து எலுமிச்சை ஊறுகாயில் ஒரு துண்டை எடுத்தார். வேல்மயில் கிண்ணத்தைக் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தான். அவர் அதைப் பேப்பரின் ஓரமாக வைத்தார்.