சக்கரத்துக்கு அடியில் கல்

பொன்னம்பலத்தின் காரில் ஹேண்ட் பிரேக் பிடிப்பதில்லை. அதனால்தான் வாசல் சரிவில் முன் சக்கரத்துக்கு அடியில் எப்போதும் ஒரு கல் கிடக்கும். ஆனால் அதை அவரிடம் யாரும் சொல்லிவிட முடியாது.

கைக்குழந்தையோடு அந்தக் காரில் கொடைக்கானல் மலையேற வேண்டிய மருமகள் தமயந்தி மெல்லப் பேச்சை எடுத்தாள்.

"மெக்கானிக்கிட்ட ஒரு தடவை காட்டிருவோமே மாமா."

"என் வண்டி பாறை மாதிரி நிக்கும். ராகு காலம் முடிஞ்சதும் கிளம்புறோம்."

ராகு காலத்தில் நகம்கூட வெட்டாத மனுஷர் அவர். ஹேண்ட் பிரேக்கை மட்டும் இழுத்துவிட்டு, ஸ்டியரிங் முன்னால் ராஜா போல உட்கார்ந்து காத்திருந்தார்.

"அப்ப சக்கரத்துக்கு எலுமிச்சம்பழத்தை இப்பவே வச்சுர்றேன் மாமா."

"தாராளமா வையம்மா."

ஓரமாகக் குனிந்து பழங்களை வைத்தவள், அப்படியே கல்லையும் உருவினாள். வண்டி மெல்ல நகர்ந்தது. இரண்டு பழமும் நசுங்கிய பிறகுதான் அவர் கால் பிரேக்கை மிதித்தார்.

"பயணம் ராகு காலத்திலேயே ஆரம்பிச்சிருச்சே மாமா," என்றாள் தமயந்தி கவலையாக.

பொன்னம்பலம் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் கையிலிருந்த கல்லையும் பார்த்தார். சிரிப்பை மீசைக்குள் ஒளித்துக்கொண்டார்.

"மெக்கானிக்கை வரச் சொல்லு. வர்றப்ப ரெண்டு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வரட்டும்."