மூச்சுக்குக் காவல்

களுக்கென்று ஒரு சத்தம். கொஞ்சம் விட்டு இன்னொன்று.

சுரபுன்னை மரங்களுக்கு அந்தப் பக்கம், உப்பங்கழித் தண்ணீரில் யாரோ எதையோ துழாவுகிற சத்தம். கரையில் உட்கார்ந்திருந்த தெய்வசிகாமணிக்கு எண்ணிக்கை தப்பிப் போனது. நூற்றுப் பன்னிரண்டா, பதின்மூன்றா?

சத்தம் வந்த பக்கம் திரும்பினான்.

"யாரது? கொஞ்சம் சும்மா இருக்கக் கூடாதா?"

வேர்களை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். இடுப்பளவுத் தண்ணீர். இறால் போடும் ஓலைப்பறியின் கயிற்றைப் பல்லால் கடித்திருந்தாள். கையில் அகப்பட்டிருந்த இறாலைப் பறிக்குள் போட்டுவிட்டுக் கயிற்றை வாயிலிருந்து எடுத்தாள்.

அஞ்சலை. சேற்றைக் கையால் தடவியே இறால் பிடிக்கிறவள்.

"எட்டு நாளாப் பாக்கிறேன், இங்கயே உக்காந்திருக்கீங்க. படகுக்காரன் மறந்துட்டுப் போயிட்டானா சார்?"

"டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு."

சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்துக் காட்டினான்.

"என்ன போட்டிருக்கு?"

"தினம் ஒரு மணி நேரம். மரம், தண்ணி, காத்து. நாப்பது நாள். மாத்திரை கிடையாது."

"கேக்குதா?"

"மோசமாயிடுச்சும்மா. வீட்லயாவது டிவி, மிக்சின்னு ஏதாவது சத்தம் இருக்கும். இங்க ஒண்ணும் இல்ல. என் மூச்சு மட்டும்தான் கேக்குது."

"கேட்டா என்ன?"

"எண்ணணும்."

"எதுக்கு?"

"எண்ணலன்னா நின்னுடும்."

அஞ்சலை சிரிக்கவில்லை. "தூங்கும்போது?"

"சம்சாரம் எண்ணுவா. ராத்திரி அவ முறை. மூணு வருஷமா அவளுக்கும் தூக்கம் கிடையாது. நேத்து அடுப்படியில மயங்கி விழுந்துட்டா."

"எண்ணலன்னா நின்னுடும்னு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? கொரோனா ரெண்டாவது அலை. எனக்கு அடுத்த கட்டில் எங்க அண்ணன். ரெண்டு நாள் அவன் மூச்சை நான்தான் எண்ணினேன். விடியக்காலம் கொஞ்சம் கண்ணசந்துட்டேன்."

கையிலிருந்த சீட்டை மடித்தான், பிரித்தான்.

"இறங்குங்க" என்றாள் அஞ்சலை.

"டாக்டர் உக்காரத்தான் சொன்னாரு."

"சீட்டுல உக்காருன்னு எழுதியிருக்கா?"

பார்த்தான். இல்லை.

சேறு கணுக்காலை விழுங்கியது. அவள் சொன்னபடி மண்டிபோட்டான். தண்ணீர் கழுத்துக்கு வந்தது. தன் பறியை அவனிடம் கொடுத்துவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த இன்னொன்றை அவிழ்த்தாள்.

"கயித்தைக் கடிங்க."

"வாயை மூடினா மூச்சு..."

"மூக்கு எதுக்கு இருக்கு?"

கடித்தான்.

"ரெண்டு கையையும் விரிச்சு மெதுவாத் தடவுங்க. தொட்டா பின்னாடிதான் துள்ளும். ஒரு கையை அங்க வச்சிருங்க."

முதலில் எண்ணினான். இருபதுவரை போனான். ஏதோ ஒன்று உள்ளங்கையைக் கீறிக்கொண்டு ஓடியது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினான். ஒன்பதில் வழுவழுப்பாக ஏதோ பட்டது. அமுக்கினான், வெறும் சேறு. அடுத்தது விரலிடுக்கில் துடித்தது. பறிக்குள் போட்டான். அதற்கடுத்தது தப்பியது.

"சனியனே" என்று பல்லைக் கடித்தபடியே திட்டினான்.

அஞ்சலைக்கு இப்போது சிரிப்பு வந்தது. அவன் கவனிக்கவில்லை. ஒரு வேரடியில் மூன்று இருந்தன. இரண்டு கிடைத்தன.

மர நிழல் கரையிலிருந்து தண்ணீருக்கு நகர்ந்திருந்தது.

"சார்."

"ம்?"

"மூச்சு எத்தனை ஆச்சு?"

சடாரென்று எழுந்தான். பறி வாயிலிருந்து விழுந்து மிதந்தது. சேற்றுக் கையால் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தான். ஏறியது. இறங்கியது.

"நான் எண்ணலயே!"

"சம்சாரம் எண்ணியிருக்குமோ?"

"அவதான் வீட்ல இருக்காளே."



 அவன் கை நெஞ்சிலிருந்து இறங்கவே இல்லை. உதடு கோணியது.

"அப்படின்னா அன்னிக்கு... நான் முழிச்சிருந்தாலும், எங்க அண்ணன்..."

"தண்ணி ஏறுது சார். அதுக்குள்ள இன்னும் கொஞ்சம் பிடிச்சுடலாம்."

மிதந்துபோன பறியை எட்டிப் பிடித்து அவனிடம் நீட்டினாள்.

முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான். கயிற்றைக் கடித்தான். மறுபடி தண்ணீரில் மண்டிபோட்டுத் தடவ ஆரம்பித்தான்.