நாவலேரிக் கரையில் மன்னர் சுமந்த மண்

மருதங்குடியை ஆண்ட சித்திரசேன மன்னர் நல்லவர்தான். ஆனால் யாராவது இரண்டு வார்த்தை புகழ்ந்துவிட்டால் போதும், நீட்டிய ஓலையில் முத்திரை குத்திவிடுவார்.

கோட்டைக்குப் பக்கத்திலேயே நாவலேரி என்று ஓர் ஊர். அங்கே முப்பது பேர் சேர்ந்து 'துணைக்கூட்டம்' என்று ஒன்று வைத்திருந்தார்கள். தலைவி செங்கமலத்தாள், மாட்டு வைத்தியம் பார்ப்பவள். கூலி வாங்காமல் ஏரியைத் தூர் வாரினார்கள். ஆற்றில் பரிசல் விட்டார்கள். சுற்றியிருந்த பதினோரு ஊர்களும் செழித்தன. ஊரெல்லாம் துணைக்கூட்டத்தை வாழ்த்தியது. அரண்மனைத் தலைமைக் காரியக்காரர் நீலகண்டராயர் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. ராயருக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் சபையில் எழுந்தார்.

"அரசே! மக்களுக்கு நல்லது செய்யும் பெருமை தங்களைப் போன்ற மகாராஜாவுக்கே உரியது. கண்டவர்களும் அதைப் பங்கு போடலாமா?"

மன்னர் முகம் மலர்ந்தது. ராயர் தயாராக வைத்திருந்த ஓலையை நீட்டினார். 'ஊர்ப் பொதுக்காரியம் அனைத்தும் அரசரின் காரியம். அரசரைத் தவிர வேறு எவரும் அதைத் தொடக் கூடாது.' முத்திரை விழுந்தது. காவலர்கள் நாவலேரிக்குப் போய் மண்வெட்டிகளைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

நான்கே நாளில் பெருமழை. ஏரிக்கரையில் விரல் தடிமனுக்குக் கசிவு கண்டது. செங்கமலத்தாள் நேராக அரண்மனைப் புலவர் ஆதனாரிடம் ஓடிவந்தாள்.

"ஐயா, கரை போனால் பதினோரு ஊரும் தண்ணீருக்குள்ளே. கை வைத்தால் சிறையாம். என்ன செய்ய?"

"நீ போய் உன் ஆட்களைக் கரையிலே நிறுத்து தாயி. வேலைக்கு உரியவரை நான் அழைத்து வருகிறேன்" என்றார் ஆதனார்.

சபைக்குள் அவர் ஒரு மண்வெட்டியும் கூடையுமாக நுழைந்தார். அரியணைக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டார்.

"என்ன ஓய் இது?" என்றார் மன்னர்.

"ஏரிக்கரை கசிகிறது அரசே. எழுந்தருள வேண்டும்."

"நானா? படைவீரர்களை அனுப்பு!"

"ஓலையில் 'அரசரைத் தவிர வேறு எவரும்' என்றல்லவா இருக்கிறது! படைவீரர்களும் அந்த 'எவரும்' என்பதில் அடக்கம்தானே?"

ராயர் குறுக்கே பாய்ந்தார். "நான் எழுதியதன் பொருள் அது இல்லை!"

"பொருள் உமது மனதில் இருக்கிறது ராயரே. முத்திரை எழுத்தின் மேல்தான் இருக்கிறது."

மன்னர் ராயரை ஒரு முறை முறைத்தார். சொன்ன சொல் தவறாதவர் என்று பெயர் எடுத்தவர் ஆயிற்றே! மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு குதிரை ஏறினார். ஆதனாரும் ராயரும் பின்னாலேயே போனார்கள்.

கரையில் முப்பது பேரும் கைகட்டி நின்றார்கள். மன்னர் மண்ணை வெட்டினார், கூடையில் அள்ளினார், தலையில் ஏற்றினார். நான்கடி நடந்ததும் சேறு வழுக்கிற்று. கூடை ஒரு பக்கம், மகாராஜா ஒரு பக்கம். அதற்குள் கசிவு கை அகலம் ஆகிவிட்டது.

"நின்று பார்க்கிறீர்களே, வந்து உதவுங்கள்!" என்று அலறினார் மன்னர்.

செங்கமலத்தாளின் கண் கசிவின் மேலேயே இருந்தது. "ஆசைதான் மகாராஜா. ஆணையை நீக்குங்கள், அடுத்த நொடி குதிக்கிறோம்."

"நீக்கினேன்! இப்போதே நீக்கினேன்!"

சொல்லி வாய் மூடவில்லை. முப்பது பேரும் பாய்ந்தார்கள். களிமண் வந்தது, வைக்கோல் வந்தது, மூங்கில் கழிகள் இறங்கின. மன்னரும் வரிசையில் நின்று கூடை கை மாற்றினார். உச்சிவேளைக்குள் கரை நின்றது.

சேற்றைத் துடைத்துக்கொண்டே மன்னர் நெகிழ்ந்துபோய்ச் சொன்னார்: "இவர்கள் எல்லோருக்கும் அரண்மனையில் பதவி தருகிறேன்!"

ஆதனார் பதறிவிட்டார். "வேண்டாம் அரசே! பதவி தந்தால் அடுத்த முறை கரை கசியும்போது இவர்களும் ஓலை வரட்டும் என்று காத்திருப்பார்கள்."

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். "சரியம்மா, வேறு என்னதான் வேண்டும்?" என்று செங்கமலத்தாளைக் கேட்டார்.

"இருபது கூடை வேண்டும் மகாராஜா. அதைச் சுமக்க ஆளும் வேண்டும்."

"கூடை இன்றே வரும். ஆளுக்கு எங்கே போவது?"

ஆதனார் ராயரின் தோளைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதோ அரசே! இத்தனை நாளாக எந்தச் சுமையும் ஏறாத தோள்!"